தனபாக்கியம் அக்கா ஓட்டம் பார்த்த நாள்

டிவியில் விளம்பரம் வந்தால் அதற்கும் கேபிள்காரன்தான் பொறுப்பு என்று எங்கள் பக்கத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது. காற்றில் வயர் அறுந்தால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன், அது நியாயம். சீரியலில் மருமகள் அழுதால், கிரிக்கெட்டில் நம் ஆள் முதல் பந்திலேயே அவுட் ஆனால், செய்தியில் பிடிக்காத கட்சிக்காரர் முகம் வந்தால், அதற்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும்? ஆனால் போன் எனக்குத்தான் வரும். "என்னா பாய், என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க?" என்பார்கள். என்னவோ டிவி கம்பெனிக்காரர்கள் தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டுவிட்டுத்தான் நிகழ்ச்சி போடுகிற மாதிரி.

என் பெயர் ஜெய்னுலாபுதீன். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே வன்னித்தோப்பையும் சுற்றியுள்ள நான்கு ஊர்களையும் இருபது வருஷமாகக் கேபிள் வயரால் கட்டி வைத்திருப்பவன் நான். இந்த இருபது வருஷத்தில் என்னை அதிகமாகத் திட்டியவர் யார் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், தனபாக்கியம் அக்காதான். அவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் வன்னித்தோப்பில் யார் வயலில் என்றைக்கு நடவு என்பதை அவர்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் நாற்று நடும் இருபத்திரண்டு பெண்களுக்கு அவர்தான் தலைவி. பாசனக் கால்வாயான புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், ஊரின் பெரிய நிலக்காரர்களெல்லாம் அவர் வீட்டு வாசலில் வந்து, "தனபாக்கியம், நாளைக்கு நம்ம பக்கம் வர்றியா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வயலில் இறங்கினால் குனிந்த தலை நிமிராது, குரல் மட்டும் மூன்று வயல் தாண்டிக் கேட்கும்.

ஊருக்கு வடக்கே மூன்று ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. அதை ஒரு மிராசு வீட்டுக்காரர் வேலி போட்டுத் தென்னம்பிள்ளை வைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தார். மனு, சர்வே, வாய்தா என்று எட்டு வருஷம் ஓடியது. நிலக் கணக்குச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடந்த ஒரு நாள் அக்கா இருபத்திரண்டு பேரையும் நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு நேரே தாலுகா ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். வாசலிலே ஒரு ப்யூன், "காலக் கழுவிட்டு வாங்கம்மா" என்றாராம். "எங்க ஊரு எடத்த எங்களுக்குக் குடுங்க, அங்க போயி கழுவிக்கிறோம்" என்றாராம் அக்கா. அடுத்த மாதம் சர்வேயர் வந்து கல் நட்டார். எங்களால்தான் மீட்கப்பட்டது என்று ஆளுங்கட்சிக்காரர்கள் ஒரு போர்டு வைத்தார்கள். இல்லை எங்களால்தான் என்று பக்கத்திலேயே எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னொன்று வைத்தார்கள். அக்கா இரண்டு போர்டுக்கும் நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்.

அந்தத் திடலில்தான் அவருடைய ஒரே மகள் அகிலாண்டேஸ்வரி ஓட ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சர்வே கல்லுக்கு வெளியே சுற்றிச் சுற்றி வருவாள். பதின்மூன்று வயதில் அரசாங்க விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துப் போனவள்தான். அதற்குப் பிறகு மாவட்டம், மாநிலம், தேசம் என்று மேலே மேலே போனாள். அவளுடைய ஓட்டம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று. போட்டிகளெல்லாம் எங்கெங்கோ தூரத்தில் நடந்தன. ஆக, மகள் பெரிய போட்டியில் ஓடுவதை அக்கா ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்த ஒரே வழி டிவி. அந்த வழியை நான் அடைத்துவிட்டேன் என்பதுதான் என்மேல் உள்ள குற்றச்சாட்டு.

முதல் தடவை டிவியில் காட்டியபோது கடைசிச் சுற்று மணி அடித்தது. மணி அடித்த கையோடு சோப்பு விளம்பரம் வந்தது. சோப்பு முடிந்து பெயின்ட், பெயின்ட் முடிந்து பிஸ்கட். திரும்ப வரும்போது எல்லோரும் ஓடி முடித்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வருஷம் ஓட்டம் பாதியில் இருக்கும்போது கேமரா கேலரிக்குப் போய்விட்டது. ஏதோ ஒரு சினிமா நடிகர் வந்து உட்கார்ந்தாராம். அவர் கூல்டிரிங்ஸ் குடிப்பதை இரண்டு நிமிஷம் காட்டினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அகிலா போன் செய்து, "பாத்தியாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதே என்று அக்கா, "பாத்தேண்டி, ராசாத்தி மாதிரி ஓடுன" என்று சொல்லிவிட்டார். அதற்கு அவள், "நான் ரெண்டாவது சுத்துலயே கால் தடுக்கி விழுந்துட்டேம்மா" என்றாளாம்.

அக்கா என் கடைக்கு நடந்தே வந்தார். திட்டவில்லை. கடை வாசலில் நின்று, "எம் மக விழுந்து கெடந்தப்ப நான் ராசாத்தி மாதிரி ஓடுனன்னு சொல்லிருக்கேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்ததற்கு மறு வருஷம் அகிலா ஆசியப் போட்டிக்குத் தேர்வானாள். வன்னித்தோப்பே தலைகால் புரியாமல் ஆடியது. நானும் சும்மா இருக்கவில்லை. கம்பத்திலிருந்து அக்கா வீட்டுக்குப் புது வயர் இழுத்தேன். பழைய ஜாயின்ட்டையெல்லாம் வெட்டி எறிந்தேன். இறுதிப்போட்டி தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நம் நேரத்துக்கு மத்தியானம் மூன்றரை மணி. "அன்னக்கி மட்டும் படம் போச்சுன்னு வச்சுக்குங்க, அந்தக் கம்பத்துலயே உங்களக் கட்டிப்புடுவேன்" என்றார் அக்கா. பழைய குரல் திரும்பி வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு செய்தி டிவிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். ஒரு நிருபர் தம்பி, ஒரு கேமராக்காரர், விளக்குப் பிடிக்க ஒருவர். மகள் ஓடும்போது தாயின் முகத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டப்போகிறார்களாம். வந்தவுடன் நிருபர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிவிட்டது. அகிலாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபிறகு கட்டிய ஓட்டு வீடு, டைல்ஸ் போட்ட அடுப்படி, மூலையில் பச்சை நிற ஃப்ரிட்ஜ்.

"அம்மா, இந்த ஃப்ரிட்ஜ கொஞ்சம் மூடி வச்சுக்கலாமா?" என்றார்.

"ஏன் தம்பி, அதுக்குக் குளுருதா?"

நிருபர் விடவில்லை. வயலில் நாற்று நடுகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்றார். தை மாதத்தில்! வன்னித்தோப்பைச் சுற்றிலும் சம்பா கதிர் தலை சாய்ந்து அறுப்புக்கு நிற்கிறது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த நடவுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாத்துக்கு எங்க தம்பி போறது?" என்று அக்கா நிதானமாகக் கேட்டார். நிருபர் வாய்க்கால் கரையில் கிடந்த கோரைப்புல்லைக் காட்டி, "அது மாதிரி எதாவது பச்சையா கையில வச்சுக்கிட்டா போதும்மா, தெரியாது" என்றார்.

யா அல்லா! கோரையைப் பிடுங்கி எறிவதற்கென்றே பாதி வாழ்க்கையைக் கழித்த பெண்களிடம் அதை நடச் சொன்னால் சும்மா விடுவார்களா? இருபத்திரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று சொல்லி அந்தத் தம்பியை வறுத்தெடுத்துவிட்டார்கள். பூவம்மாள் என்கிற பெண் சிரித்துச் சிரித்து விக்கல் வந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அடுத்து நிருபர், "பொண்ணு பசியோட ஓடப் போன நாளப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார். "அவ பசியோட போனதே இல்ல. மூணு இட்லி வச்சா ஆறு கேப்பா" என்றார் அக்கா. அதைப் பதிவு செய்தார்களா என்று தெரியவில்லை, ஒளிபரப்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்குத்தான் வம்பு ஆரம்பித்தது. கூடத்தில் டிவியை ஸ்டாண்டில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, அக்காவை வாசலைப் பார்த்து உட்காரச் சொன்னார்கள். அதாவது டிவிக்கு முதுகைக் காட்டி.

"இப்படி உக்காந்தா நான் எப்படித் தம்பி பாக்குறது?"

"உங்க முகமும் பின்னாடி டிவியும் ஒரே ஃப்ரேம்ல வரணும்மா. அஞ்சே நிமிஷம்தான். திரும்பாம இருந்தாப் போதும்."

நான் வாயைத் திறந்தேன். "ஏங்க, ஓடுறது அவங்க பொண்ணுங்க" என்றேன். நிருபர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தமிழ்நாடு முழுக்கப் பார்க்கப் போகிறது, மக்கள் தாயின் முகத்தைத்தான் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார். மக்கள் பார்க்கட்டும், தாய் எதைப் பார்ப்பது? டிவியில் வந்தால் மகளுக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்படி அடங்கி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் கணவர் மருதையன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் எழுந்து உள்ளே போய், சவரம் செய்யும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் மனைவிக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். டிவி அதில் தெரிந்தது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விளக்கு பட்டுக் கண்ணாடி பளிச்சென்று அடிக்கிறது என்று கேமராக்காரர் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றரை ஆயிற்று. ஸ்போர்ட்ஸ் டிவியில் ஓட்டத்தைக் காணோம். நம் நாட்டுப் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் தோற்றுப்போனதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்கள் எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். "நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல" என்றேன். மூன்று நாற்பதுக்கு ஒருவழியாக மைதானம் வந்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஏழாவதாக அகிலா. கூடமே ஓவென்று கத்தியது.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். படத்தின் மூலையில் எப்போதும் இருக்கும் "லைவ்" என்ற எழுத்து இல்லை. அது இல்லாதது கேபிள்காரன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இது நேரலை இல்லை, ஏற்கெனவே நடந்ததை இப்போது போடுகிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

துப்பாக்கி வெடித்தது. அதே நேரம் நிருபரின் போன் அடித்தது. அவர் காதில் வைத்து, "அப்படியா? சரி சார். சரி சார்" என்றார். கேமராக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். விளக்கு அணைந்தது. ஒருவர் தரையில் கிடந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி எல்லாத்தையும் எடுக்குறீங்க?" என்றார் அக்கா.

"முடிஞ்சிருச்சும்மா. நாலாவதாம். மெடல் இல்லன்னா ஆபீஸ்ல வேணாங்குறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"எது முடிஞ்சுது? இப்பதானேய்யா துப்பாக்கி வெடிச்சுது!"

அவர் ஏதோ விளக்கம் சொல்ல வந்தார். அக்கா எழுந்து நின்று, நாற்காலியை ஒரே சுழற்றாகச் சுழற்றி டிவி பக்கம் திருப்பிப் போட்டார். "நீங்க போங்க தம்பி. எம் மவ இன்னும் ஓடிக்கிட்டிருக்கா. வழிய விடுங்க, மறைக்குது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! நாலாவது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? கண்ணுக்கு எதிரே பிள்ளை ஓடுகிறாள், முடிவை யார் மதித்தார்கள்? முதல் சுற்றில் அகிலா ஒன்பதாவது. ஸ்போர்ட்ஸ் டிவிக்காரர்கள் முன்னால் ஓடிய இரண்டு பேரை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தார்கள். "எங்கடி காணும்? எங்கடி?" என்று பெண்கள் தவித்தார்கள். அக்கா மட்டும் விரலை நீட்டி, "அந்தா, ஓரத்துல முழங்கை தெரியுது பாரு, அவதான்" என்றார். நான் பார்த்தேன், படத்தின் இடது ஓரத்தில் அரை முழங்கை. வரிசையில் குனிந்து நடும்போது முதுகை வைத்தே யார் எவர் என்று சொல்லிவிடுகிறவர்கள் இவர்கள். முழங்கை போதாதா?

இரண்டாவது சுற்றில் சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தி அகிலாவை விலாவில் இடித்தாள். ஒரு நொடி அகிலா தடுமாறினாள். "அடிப்பாவி!" என்று இருபத்திரண்டு குரல். மருதையன்கூட எழுந்து நின்றுவிட்டார். அகிலா விழவில்லை. உள்பாதையை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கி, இரண்டாம் பாதையிலேயே ஓட ஆரம்பித்தாள். அது தூரம் அதிகம், ஆனால் இடிக்க ஆள் இல்லை. ஒன்பது எட்டாயிற்று, எட்டு ஏழாயிற்று. கடைசிச் சுற்று மணி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு விளம்பரம் வராமல் இருக்க வேண்டும் என்று அல்லாவைக் கேட்டேன். வரவில்லை. கடைசி வளைவில் அகிலா மூன்று பேரைத் தாண்டினாள். இடித்தாளே அந்தச் சிவப்புச் சட்டைக்காரி, அந்த மூன்று பேரில் கடைசி ஆள் அவள்தான். "தாண்டிட்டாடி! தாண்டிட்டா!" என்று அக்கா முழங்கால் உயரத்துக்குக் குதித்தார். நேர்ப்பாதையில் காலெல்லாம் தள்ளாட, கழுத்தை நீட்டிக்கொண்டு, நாலாவதாக வந்து கோட்டைத் தாண்டி விழுந்தாள் எங்கள் அகிலா.

முதலாவது வந்தவளைக் கொடியோடு காட்டினார்கள். பிறகு விளம்பரம். யாருக்கு அது கண்ணில் பட்டது? பூவம்மாள் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை எடுத்தாள். ஒரு வயலில் கடைசி நாற்றை ஊன்றி முடித்துக் கரையேறும்போது எடுப்பார்களே, அந்தக் குலவை. இருபத்திரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஓட்டில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

வேனில் ஏறிவிட்ட நிருபர் சத்தம் கேட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். "அம்மா, அம்மா! அந்தச் சத்தத்த இன்னொரு தடவ போடுங்கம்மா, லைட்ட போட்டுர்றோம்!"

"நட்ட வயல்ல திரும்ப எறங்குறதில்ல தம்பி. வாங்க, பாயசம் குடிச்சிட்டுப் போங்க" என்றார் அக்கா. கோபம் ஒரு துளிகூட அவர் முகத்தில் இல்லை. நிருபர் பாவம், டம்ளரை வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணி வாக்கில் போன் வந்தது. அக்காவுக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும், அதனால் ஊரே கேட்டது. அந்தப் பக்கம் அழுகை. "நாலாவதும்மா. எல்லாம் போச்சும்மா. ஒருத்தரும் எங்கிட்ட வந்துகூடப் பேசல."

ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் அக்கா திட்ட ஆரம்பித்தார். "ஏண்டி, அந்தச் செவப்புச் சட்டக்காரி உன் விலாவுல இடிச்சாளே, திருப்பி ஒரு இடி குடுக்காம ஏண்டி வெளிப்பக்கம் போன? வெளிச்சுத்துல கூடுதலா ஓடிருக்கியே, பைத்தியக்காரி! அவ்வளவும் ஓடித்தானே நாலாவது வந்த?"

அழுகை நின்றுவிட்டது.

"அம்மா, அவ இடிச்சத எங்க கோச்சே பாக்கல. உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்!" அக்காவின் குரல் உடைந்தது, அப்படியே சிரிப்பாக மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். "நீ மூக்கச் சிந்திட்டு வா. மொதல்லேருந்து சொல்றேன். துப்பாக்கி வெடிக்கிறப்ப நீ ஏழாவது ஆளா நின்ன..."